ஓயாத செய்தி

மல்யுத்த வீரர் கிரேட் காலி ஏழடிக்கு மேல் வளர்ந்ததற்குக் காரணம், மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் முளைத்த கட்டி. சுரப்பியின் எடையே அரை கிராம்தான். 2012-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அந்தக் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள்.

இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, வேறெங்கும் பரவுவதும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே பார்வை நரம்பை அழுத்தும். பல கட்டிகள் ஹார்மோனையும் கொட்டும். 'வளர்' என்று செல்லுக்கு வந்த செய்தி ஓயாததே பலவற்றில் மூலக் கோளாறு.

அந்தச் செய்தியைச் சுமக்கும் புரதங்களில் ஒருவகை வளர்ச்சிக் காரணிகள். ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பச்சிளம் எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன! அதிலிருந்து அவர் பிரித்தெடுத்ததுதான் இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இ.ஜி.எஃப், செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைத் தொட்டதும் செய்தி உள்ளே போகிறது. வேலை முடிந்த ஏற்பியைச் செல் உள்ளிழுத்து, யுபிக்விடின் என்ற சிறு புரதத்தை ஒட்டி, அழிக்க அனுப்புகிறது. செய்தி அடங்குவது இப்படித்தான். ஒட்டிய அடையாளத்தைக் கழற்றும் நொதியும் உண்டு: யு.எஸ்.பி.8. அதன் மரபணுவில் சிறு பிழை நேர்ந்தால் நொதி கட்டுமீறி இயங்கும். அழிய வேண்டிய ஏற்பி மேற்பரப்புக்கே திரும்பிவிடும். குஷிங் நோய் தரும் கட்டிகள் பலவற்றில் இந்தப் பிழை இருப்பது 2015-இல் வெளியானது. அந்தச் செல்கள் ஏ.சி.டி.எச் ஹார்மோனை மிகையாகச் சுரக்க, அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைப் பெருக்குகின்றன.

கார்டிசால் மிகுந்தால் முகம் உப்பி வட்டமாகும். வயிற்றில் ஊதா வரிகள் விழும். லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். கூடவே சர்க்கரை, பிரஷர். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கிளினிக்கிலும் தினமும் பார்க்கும் தொல்லைகள் இவை இரண்டும். அதனாலேயே நோய் ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் போகலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் அமைவது பெரும் பேறு. காலிக்கு வந்த, உடல் அளவுமீறி வளரும் அக்ரோமெகலி நோயும் மெதுவாகத்தான் வெளிப்படும்: மோதிரம் இறுகும், செருப்பின் அளவு கூடும்.

நோய் பிடிபட்டால், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனை, மருத்துவர் பா. ராமமூர்த்தி 1950-இல் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய இடம். இன்று இந்தக் கட்டிகளைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். முழுதும் எடுக்க முடியாவிட்டால் மருந்துகள் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஜெஃபிட்டினிப் மாத்திரை இ.ஜி.எஃப் ஏற்பியை முடக்கக்கூடியது; ஆய்வகத்தில் குஷிங் கட்டிச் செல்களின் ஏ.சி.டி.எச் சுரப்பை அது குறைத்திருக்கிறது.