பட்டு இழையில் பிறக்கும் ஈ

ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதியில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தவர்கள் பலர் கூடு வரும்வரை காத்திருக்கவில்லை. புழு தின்று முற்றி, நூல் விடத் தலை தூக்கும் தறுவாயில் அதை எடுத்துக் காடியில் ஊறப்போட்டார்கள். ஊறிய புழுவுக்குள் இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்து மெல்ல இழுத்தால் அது நீண்டு, காற்றுப் பட்டு இறுகி, ஒற்றை இழையாக நின்றுவிடும். நீளம் ஒன்று, ஒன்றரை அடி. கழுவி, மேல்தோலை நீக்கி, காயவைத்தால் முறுக்கே இல்லாத, வழவழப்பான, தண்ணீரில் கண்ணுக்கு அகப்படாத உறுதியான நரம்பு தயார். அறுவை மருத்துவர்கள் அதைக் காயம் தைக்க வாங்கினார்கள். மீதியைத் தூண்டில்காரர்கள் வாங்கினார்கள்.

புழு என்றால் கூடு, கூடு என்றால் நூல், நூல் என்றால் சேலை என்றே பழகிய நெசவூரான ஆரணிக்கு இது விநோதமாகப் படலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரவுட் மீன் பிடிக்கப் போன ஓர் ஐரோப்பியரின் கையில் இருந்தவற்றில் பாதி பட்டுதான். வீசும் கயிறு பின்னல் பட்டு. ஆளிவிதை எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்தியது. அதன் நுனியில் முடிச்சுப் போட்ட நரம்பு, புழுவின் வயிற்றிலிருந்து வந்தது. நரம்பின் நுனியில் தொங்கிய செயற்கை ஈயின் உடம்பும் பட்டு நூல்தான். 1938இல் நைலான் அறிமுகமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முர்சியாவின் நரம்புத் தொழில் படுத்துவிட்டது. வீசு கயிறும் பிளாஸ்டிக் பூச்சுக்கு மாறியது. ஈயின் உடம்பில் மட்டும் பட்டு இன்றும் தங்கியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வரும்.

இரை ஏதும் கோக்காமல் இறகும் நூலும் மட்டும் சுற்றிய கொக்கியை மீன் ஏன் கவ்வ வேண்டும்? குளிர்ந்த மலை ஓடையில் வாழும் டிரவுட்டுக்குப் பூச்சிகள்தான் முக்கியச் சாப்பாடு. மேஃப்ளை போன்ற பூச்சிகள் இளம்பருவத்தை ஓடையடிக் கல்லிடுக்குகளில் கழித்துவிட்டு, ஒருநாள் மேலே மிதந்து வந்து தோலுரித்துச் சிறகு விரித்துப் பறக்கின்றன. வளர்ந்த மேஃப்ளைக்குத் தின்னும் வாய் கிடையாது. இணை சேர்ந்து முட்டையிட்டுச் சாவதே அதன் மிச்ச வாழ்க்கை. நீரடியிலிருந்து மேலேறும் அந்தச் சில நொடிகளிலும், செத்து நீரில் விழும் நேரத்திலும் டிரவுட் அவற்றைப் பொறுக்கித் தின்கிறது. மழை விட்ட மாலையில் ஏரி மேல் ஈசல் விழும்போது மீன்கள் துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மீனின் கண்ணுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளி விலகலால் வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடி. ஓடையின் அடிதான் அதில் பிரதிபலிக்கும். மிதந்து வரும் பூச்சியின் கால்கள் நீர்த்தோலில் போடும் குழிகள் முதலில் தெரியும், உடல் பிறகுதான். அதனால்தான் ஈ கட்டுபவர் பூச்சியின் முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அளவு, கால்களின் அசைவு, உடம்பின் நிறம் இந்த மூன்றும் சரியாக வந்தால் போதும்.

வீசும் முறையும் தனி. மண்புழுத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், கயிறு பின்னால் போகும். இங்கே ஈக்கு எடையே இல்லை என்பதால் கயிறுதான் குண்டு. கோலை முன்னும் பின்னும் ஆட்டி, கயிற்றைக் காற்றில் வளையமாக விரித்து, அதன் எடையாலேயே ஈயைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். பட்டுக் கயிறு இருந்த நாளில், இரவு வீடு திரும்பியதும் அதை அவிழ்த்துக் காயவைத்து மறுநாள் கொழுப்புத் தடவ வேண்டும். மறந்தால் இற்றுப்போகும். இந்த வேலையை யாரும் ஏக்கத்தோடு நினைப்பதாகத் தெரியவில்லை.

வித்தை பழையது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற ரோம எழுத்தாளர், மாசிடோனியா ஆற்றங்கரை மக்கள் கொக்கியில் செங்கம்பளி சுற்றி, சேவலின் இரு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை தருகிறது. மிதக்கும் ஈயா, மூழ்கும் ஈயா என்ற சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை.

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஓடைகளுக்கென்று பிறந்த ஈக்கள்தான் நெசவூர்க்காரர் கைக்கு மிக அருகில் இருப்பவை. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றுக்கு இரண்டே பொருள்கள்: ஆரஞ்சு நிறப் பட்டு நூல், கௌதாரியின் ஓர் இறகு. எட்மண்ட்ஸ், லீ என்ற இருவர் 1916இல் வெளியிட்ட புத்தகத்தில், எந்த ஈக்கு எந்தப் பட்டு என்பதைச் சாய அட்டை எண்ணோடு குறித்திருக்கிறார்கள். சேலை முந்திக்கு நிறம் பொறுக்கும் கண் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் கட்டிப் பார்க்கலாம். மேசை விளிம்பில் ஒரு சிறு வைஸ். அதில் 14ஆம் எண் கொக்கி. எண் ஏற ஏறக் கொக்கி சிறிதாகும். நூல் பசை நீக்கிய பட்டாக இருக்க வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் செரிசின் என்ற பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால்தான் அது கழன்று மினுக்கும் மென்மையும் வரும். சாயப் பட்டறைக்கு இது தினசரி வேலை. நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் வழுக்காமல் பிடிக்கும்.

கொக்கியின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, சுற்றின் மேல் சுற்று ஏறாமல், இடைவெளியும் விழாமல், வளைவு தொடங்கும் இடம்வரை நூலைச் சுற்றி அதே வழியில் திரும்ப வேண்டும். முடிச்சு எங்கும் இல்லை. முதல் சுற்றுகளை அடுத்த சுற்றுகள் அமுக்கிப் பிடிக்கும். மொத்தக் கட்டும் நூலின் இழுவிசையில்தான் நிற்கிறது. இழை அறும் புள்ளிக்கு ஒரு மயிரிழை முன்னால் கையை நிறுத்தத் தெரிந்தவருக்கு இது எளிது. அது தெரியாத புதியவர்கள் முதல் வாரம் முழுக்க நூலை அறுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு, அடிப்பஞ்சை உருவிய ஒரு கழுத்து இறகை நுனிப்பக்கம் கட்டி, கண்ணருகே இரண்டே சுற்று சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றுக்குக் கை பரபரக்கும். அதற்கு இடம்கொடுக்கக் கூடாது, இறகு அடர்ந்தால் ஈ மூழ்காது. கடைசியில் நூலையே நூலுக்கடியில் புதைத்து இழுத்து, வெட்டி, ஒரு சொட்டு நகப்பூச்சு. கௌதாரி தேவையில்லை, பிடிக்கவும் கூடாது. புழக்கடையில் மேயும் பழுப்புக் கோழியின் கழுத்து இறகு போதும். சேவல் இறகு விறைப்பானது, ஈயை மிதக்கவைக்கும். கோழி இறகு மென்மையானது. நீரோட்டத்தில் விரிந்து சுருங்கி, உயிருள்ள பூச்சி கால் உதைப்பதாகக் காட்டும்.

பட்டு ஏன் இன்னும் போகவில்லை என்பது இந்த ஈயைத் தண்ணீரில் நனைத்தால் புரியும். உலர்ந்திருந்தபோது பளீரென்ற ஆரஞ்சு, நனைந்ததும் கருத்து, பாதி ஒளி ஊடுருவும் தேன்பழுப்பாகிறது. காய்ந்த இழைகளுக்கிடையே இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த இடத்தை நீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே இறங்கி, அடியிலிருக்கும் கொக்கியின் நிறம்கூட மேலே கசிகிறது. பூச்சியின் உடலும் இப்படித்தான் அரைகுறையாக ஒளி விடும். நைலான், பாலியெஸ்டர் நூல்கள் வலுவானவை, மலிவானவை. ஆனால் இந்த மாற்றம் அவற்றில் பட்டு அளவுக்கு வருவதில்லை. நிறம் மங்காமல் இருக்க வேண்டுமென்று, கொக்கித் தண்டுக்கு முதலில் வெள்ளை பூசிவிட்டு மேலே பட்டு சுற்றுகிறவர்களும் உண்டு.

பல ஈக்களின் உடம்பில் பளபளப்பான ஒரு வரி சுருளாக ஓடும். மெல்லிய உலோகத் தகட்டு இழையை நூல் கருவின் மேல் சுற்றிச் செய்த கம்பி அது. பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகையும் அதே அமைப்புதான். சேலைக் கரையில் மிஞ்சும் ஒரு முழத் துண்டு பத்துப் பதினைந்து ஈக்குக் காணும்.

நூலும் ஜரிகையும் கீழே தறியில் கிடைக்கின்றன என்றால், இறகின் கதை மேற்கே ஏறிப்போகிறது. ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறப்பது. தென்னிந்தியாவின் இப்படிப்பட்ட மலைக்காடுகளில் வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் அரக்குப் பொட்டு வைத்ததுபோல வெண்மஞ்சள் புள்ளி இருக்கும். அங்கே இறகின் தண்டே தட்டையாகி மெருகேறியிருக்கிறது. விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஈக்களில் மீனின் கண்ணாகத் தோன்றும்படி பக்கவாட்டில் வைத்தது இந்த இறகைத்தான். அதற்காகத் தோல்தோலாகக் கப்பலேறியது. பறவையின் அறிவியல் பெயரில் இருக்கும் சொன்னரா, புதுச்சேரியில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர். இன்னொரு செய்தியும் உண்டு: வீட்டுக் கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு, சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டுப் பண்ணைகளில் வளர்த்த சேவல்களின் இறகை வாங்கிக் கட்டுகிறார்கள். இறகு ஆசை எதுவரை போகும் என்பதற்கு 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டு சாட்சி. அமெரிக்க இசை மாணவர் ஒருவர் ஜன்னலை உடைத்துப் புகுந்து, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனார். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் திரட்டியவையும் அதில் அடக்கம். எல்லாம் சால்மன் ஈ கட்டத்தான். அந்த அழகிய ஈக்களில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்ப்பதில்லை, சட்டம் போட்டு மாட்டப்படுகின்றன என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

இங்கிலாந்தில் ஆற்று டிரவுட் இலையுதிர்காலத்தில் முட்டையிடப் போகும். ஆகையால் செப்டம்பர் முடிந்ததும் பெரும்பாலான ஓடைகளில் பிடிக்கத் தடை வந்துவிடும். கோல் உள்ளே போகும், வைஸ் மேசைக்கு வரும். அடுத்த வசந்தத்துக்கான ஈக்கள் இந்த மாதங்களில் கட்டப்படுகின்றன. நம் ஊரில் அதே வேளை ஐப்பசி அடைமழை. வெளியே போக முடியாத மாலைக்கு அதுவும் பொருத்தமான காலம்தான்.

தமிழ்நாட்டில் டிரவுட் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைக் கொண்டுவரும் முயற்சியை 1863இல் தொடங்கினார் ஃபிரான்சிஸ் டே. சென்னைப் படையின் மருத்துவர், பின்னாளில் இந்திய மீன்கள் பற்றிய பெரும் நூலை எழுதியவர். அந்த முயற்சி தோற்றது. அடுத்த நாற்பதாண்டு முயற்சிகளும் நிலைக்கவில்லை. 1906இல் இந்த முயற்சியின் பொறுப்பை ஏற்ற எச்.சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி, 1909-10 வாக்கில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்திலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு ரெயின்போ டிரவுட்டை நிலைநிறுத்தினார். முட்டைகளைக் குளிர் குறையாமல் வாரக்கணக்கில் கப்பலில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. காஷ்மீரிலும் இதே கதை: 1899இல் பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய முதல் முட்டைகள் வழியிலேயே செத்தன, அடுத்த ஆண்டு வந்தவை பிழைத்தன. அங்கே அவற்றை வளர்த்த மிட்செல், ஸ்ரீநகரில் கம்பளத் தறிகள் நடத்தியவர்.

வந்த மீன் விருந்தாளியாக மட்டும் இருக்கவில்லை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில், அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறாலை ரெயின்போ டிரவுட் தின்று வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புதிய ஓடைகளில் இம்மீனை விடுவது இன்று புத்திசாலித்தனமல்ல.

ஆரணியிலிருந்து அவலாஞ்சி தூரம். அங்கும் காட்டு ஓடைகளில் இறங்க அனுமதி வேண்டும். நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே டிரவுட் சோர்ந்துவிடும், 25ஐ ஒட்டினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே நம் ஏரிகளில் அது வாழாது. ஆனால் ஈ வாழும். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றியும், 1887இல் குளத்து மீன்பிடிப்பு பற்றிக் குறிப்பாகவும் நூல் எழுதினார். நீர்ப்பரப்பில் பூச்சி பிடித்துத் தின்னும் சிறு வெள்ளி மீன்களைச் செயற்கை ஈயில் பிடிப்பதை அவர் மட்டமான விளையாட்டாக நினைக்கவில்லை. அவற்றின் வாய் மிகச் சிறியது. கொக்கி 18ஆம் எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பட்டும் ஒற்றை அடுக்கோடு நிற்க வேண்டும். மழைக்குப் பின் ஈசல் விழும் மாலையென்றால் பழுப்புப் பட்டு, வேறு நாளென்றால் கறுப்பு.