கிட்னி வருத்தமும் எலும்பு நோவும்

ரண்டர்ஸின் குளிரில் கால், இடுப்பு நோகுது என்றால் "குளிர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது எலும்பு பலவீனப்படுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஊரில் நீரிழிவு, பிரஷர் இருந்தவர்களும், காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து காணப்படும் அனுராதபுரம், பொலநறுவை, வவுனியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கூடிய கவனம் எடுக்க வேண்டும்.

ஏன் எலும்பு பழுதாகிறது?

விற்றமின் டியை உடலுக்குப் பயன்படும்படி மாற்றுவதும், மிஞ்சிய பொஸ்பேற்றை வெளியேற்றுவதும் சிறுநீரகமே. இந்த வேலைகள் குறைந்தால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். அதை ஈடுசெய்யக் கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்க வைக்கும். இப்படியே எலும்பின் பலமும் தரமும் குறைய, பனியில் சறுக்கி விழுந்தாலே முறியலாம். டென்மார்க்கில் ஒக்டோபர் முதல் மார்ச் வரை தோலில் விற்றமின் டி உண்டாக வெயிலும் போதாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முகாம் தாதியிடம் கிட்னி வருத்தத்தைச் சொல்லுங்கள். ஊர் மருந்துத் துண்டுகளையும் காட்டுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

• கல்சியம், பொஸ்பேற், விற்றமின் டி அளவுகளை இரத்தத்தில் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

• இபுபுரொபென் போன்ற நோக் குளிசைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம். கல்சியக் குளிசையும் கேட்டே எடுங்கள்.

• கோலா, சீஸ், பதப்படுத்திய இறைச்சியில் பொஸ்பேற் கூட. குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வருத்தத்தை இரகசியமாக வைத்திருப்பது தாதியினதும் வைத்தியரினதும் கடமை. பயப்படாமல் சொல்லுங்கோ.