நாக்கில் இரு கட்டிகள்

உடலில் தோன்றும் கட்டியைச் சாதாரணக் கட்டி, புற்றுநோய்க் கட்டி என இரண்டாகப் பிரித்து, ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை என்று நாம் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதிக்கு நாக்கில் சில வேளை இடமிருப்பதில்லை.

ரஷிய நோய்க்கூறியல் அறிஞர் அலெக்சி அப்ரிகோசோவ் 1926-இல் ஒரு விநோதக் கட்டியை விவரித்தார். (லெனினின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தவரும் இவரே.) நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்களுக்குள் மணல் போன்ற துகள்கள் நிறைந்திருக்கும், துகள்செல் கட்டி எனலாம். அது தசையிலிருந்து தோன்றுவதாக அவர் கருதினார். நரம்பிழைகளுக்கு உறையாக அமையும் ஷ்வான் செல்களிலிருந்து தோன்றுவதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. உடலில் எங்கும் வரக்கூடும் என்றாலும் அது மிகுதியாகக் காணப்படுவது நாக்கில்தான். வலியின்றி மெதுவாக வளரும். பெரும்பாலும் தீங்கற்றது, முழுமையாக அகற்றினால் போதும்.

சிக்கல் அதன் மேற்புறத்தில் இருக்கிறது. இந்தக் கட்டி தனக்கு மேலுள்ள படலத்தைத் தடித்து வளரச் செய்யும். வேர்கள்போலக் கீழிறங்கும் அந்தப் படலம், நாக்கில் பரவலாகக் காணப்படும் செதிற்செல் புற்றுநோயைப் போலவே தோற்றமளிக்கும். பரிசோதனைக்காக மேலோட்டமாகக் கிள்ளியெடுத்த திசுவில் இப்படலம் மட்டுமே இருந்து, அடியிலுள்ள துகள்செல்கள் சிக்காமல் போனால், இல்லாத புற்றுநோய் அறிக்கையில் இடம்பெற்றுவிடும். நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் தேவையின்றி இழக்கும் நிலை ஒருவருக்கு ஏற்படலாம்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. துகள்செல்களைக் கண்டவுடன், மேலே இருப்பது வெறும் போலிதான் என்று முடிவுகட்டுவது அது. ஏனெனில், துகள்செல் கட்டியும் உண்மையான புற்றுநோயும் நாக்கில் அருகருகே, சில வேளை ஒன்றன்மேல் ஒன்றாகவே இருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எண்ணிக்கையில் மிகக் குறைவு; ஆனால், புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் பரவியுள்ள நம் நாட்டில் இதை அலட்சியப்படுத்த இயலாது.

எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சிறப்புச் சாயமேற்றினால் துகள்செல்கள் தெளிவாகப் புலப்படும். ஆனால் அது துகள்செல் கட்டி இருப்பதை மட்டுமே சொல்லும். புற்றுநோய் இல்லை என்று சொல்லாது. அதற்கு மேற்படலச் செல்களின் உருமாற்றத்தையும் பிளவையும் தனியே ஆராய்ந்தாக வேண்டும். ஆழமாக எடுக்கப்பட்ட திசு இல்லாமல் இரண்டுமே கைகூடாது.

மெழுகில் பதித்த திசுக்கட்டிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஆய்வகங்கள் பாதுகாத்து வைக்கின்றன. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பு அவற்றைப் பெற்று மற்றொரு நோய்க்கூறியல் நிபுணரிடம் காட்டலாம். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.