வானிலிருந்து அளந்த மேடும் பள்ளமும்

மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் முதலில் எந்த லயத்துக்குள் நுழையும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அதையே கணினி சொல்ல வேண்டுமானால், நிலத்தின் மேடு பள்ளங்களை அதற்கு எண்களாகக் கொடுக்க வேண்டும். அந்த எண்களின் தொகுப்பே உயர மாதிரி எனப்படுகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 'எண்டெவர்' என்னும் அமெரிக்க விண்ணோடம் 11 நாட்கள் உலகைச் சுற்றிவந்தது. ஓடத்தில் ஒரு ரேடார் வாங்கி. 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால்தானே தூரம் பிடிபடுகிறது? அதைப் போலவே, தரையிலிருந்து திரும்பிவந்த அலையை இரண்டு இடங்களில் வாங்கி, இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு உயரத்தைக் கணித்தார்கள். ரேடாருக்கு மேகம் ஒரு தடையல்ல. நம் நாட்டு வானத்துக்கு இது பெரிய வசதி.

நிலத்தைச் சுமார் 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை இணையத்தில் இலவசமாகவே பெறலாம். 'கியூஜிஐஎஸ்' போன்ற இலவசச் செயலியில் இட்டால் உயரத்துக்கேற்ற வண்ணமும் நிழலும் கோடுகளும் வந்துவிடும். சிலர் உயரத்தை மட்டும் இரண்டு மூன்று மடங்கு இழுத்துக் காட்டுவதுண்டு. அப்படிச் செய்தால் சிறு திட்டுகூடக் கினபாலு மலை போல நிற்கும்!

ஆனால் நேயர்களே, தோட்டத்தில் வாழும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ரேடார் அலை அடர்ந்த மரங்களின் ஊடே முழுவதும் தரைவரை இறங்கவில்லை. இலைக்கூட்டத்தின் நடுவிலேயே பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆகவே அன்று பால்மரம் நின்ற இடம், உள்ளபடியான தரையைவிடப் பல மீட்டர் உயரமாகப் பதிவாகியிருக்கும். மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் அந்தப் பழைய எண் மாறுவதில்லை. காட்டின் ஓரம் படத்தில் ஒரு கரைபோலத் தெரியும். கணினி விடும் வெள்ளமும் அந்த இல்லாத கரையில் மோதி நின்றுவிடும். லயத்துக்குள் வரும் வெள்ளமோ முழங்கால் அளவுதான். பல மீட்டர் பிழையுள்ள படம் அதை எப்படிக் காட்டும்?

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், பிந்திய வேறொரு செயற்கைக்கோள் அளவையிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணக்கால் நீக்கிய உலக மாதிரி ஒன்றை 2022இல் வெளியிட்டார்கள். அதுவும் மதிப்பீடுதான்.

ஆகவே, புதுவீடு கட்ட இது மேட்டு நிலம் என்று யாராவது வண்ணப்படத்தைக் காட்டினால், அந்த அளவு மரத்தின் உயரமா, மண்ணின் உயரமா என்று கேட்போம். கண்ணாடிபோன்ற நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் இரண்டு இடங்களின் உயரத்தை நாமே ஒப்பிடலாம். சுவரில் பழைய வெள்ளம் விட்ட கறை இருந்தால், அதையும் அளந்து, தேதியோடு எழுதி வைப்போம்.