கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன?

"அக்கா, ஒரு காரியம் கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே?"

போன வருஷம் ஒரு மழை நாளில் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள் அடுத்த தெருப் பெண். இடுப்பில் அவளுடைய மகன். இடுப்பில் வைக்கிற வயசா அது? பதினொரு வயசு! கால்கள் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகின்றன. பிறந்தவுடன் அழாத பிள்ளை. மூளை முடக்குவாதம் என்று அப்போதே டாக்டர் சொல்லிவிட்டார்.

"முதுகு போச்சுக்கா. ராத்திரி புரண்டு படுக்க முடியல்ல. நான் விழுந்துட்டேன்னா இவன யாரு தூக்குவா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் வந்திருந்தாள். "பிள்ளைக்கு சர்ட்டிபிகேட் வாங்கினியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தை வேண்டாம்னு சொல்லிட்டாவ. சர்ட்டிபிகேட் வாங்கினா முத்திரை குத்தின மாதிரி ஆயிரும், இளையவளுக்கு வரன் வராதுன்னு..."

எண்ணெய் தேய்த்தாயிற்று, நேர்ச்சை வைத்தாயிற்று, கேரளா வரை போய் வைத்தியம் பார்த்தாயிற்று. கொத்து வேலை செய்கிற கணவரின் சம்பாத்தியம் அதிலேயே கரைந்தது. ஆனால் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியதை மட்டும் பதினொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. இதில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது, சகோதரிகளே! உதவித்தொகை, விண்ணப்பித்து உத்தரவு வந்த பிறகுதான் கிடைக்கும். கேட்காமல் போன வருஷங்களுக்கு யாரும் கணக்குப் பார்த்துத் தரமாட்டார்கள்.

அன்று தொடங்கி அவளோடு நானும் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு அட்டை

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழும் இந்த அட்டைக்கான இணையப் பதிவின் வழியாகத்தான் வழங்கப்படுகிறது. கம்ப்யூட்டர் தெரியாதே என்று மலைக்க வேண்டாம். இ-சேவை மையத்தில் பதிந்து தருவார்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள்.

பதிந்த பிறகு டாக்டர் பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், எந்தக் கிழமையில் எந்தப் பிரிவு டாக்டர் பார்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, "இன்னைக்கு அந்த டாக்டர் இல்லையே" என்ற பதிலோடு திரும்புவது எத்தனை வேதனை! நாங்களே ஒருமுறை அப்படித் திரும்பினோம்.

கையில் என்ன வேண்டும்? பிள்ளையின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, போட்டோ, பிறந்தது முதல் இன்றுவரை உள்ள மருத்துவச் சீட்டுகள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்து மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இரண்டிரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

டாக்டர் போடும் சதவீதம் முக்கியம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பிள்ளையால் என்ன முடியும் என்று பெருமையாகச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: தானாகச் சாப்பிடுவானா, மலஜலம் சொல்வானா, எத்தனை நேரம் உட்காருவான், ராத்திரி எத்தனை தடவை எழுந்து பார்க்கிறீர்கள் என்று. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கொடுத்த சான்றிதழில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சான்றிதழ் தற்காலிகமானது என்றால், அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எனக்கும் உண்டா?

கை கால் முடங்கியவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும்தான் இதெல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1995-ம் வருஷச் சட்டத்தில் 7 வகைகள்தான் இருந்தன. 2016-ல் வந்து 2017 ஏப்ரலில் நடைமுறையான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆகிவிட்டது. ஆட்டிசம், தசைச் சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள்... பட்டியல் நீளம். வீட்டில் நாள்பட்ட நோயாளி இருந்தால், "இது அதில் வருமா?" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்தப் பணம், எந்த ஆபீஸ்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். உதவித்தொகை இரண்டு ஆபீஸ்களிலிருந்து வருகிறது.

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய் ஆகியவற்றுக்கு 40 சதவீதமும், மற்றபடி கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 சதவீதமும் இருக்க வேண்டும். 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய். சின்னப் பிள்ளைகளுக்கும் உண்டு. மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

மற்றொன்று, வருவாய்த்துறை மூலம், அதாவது தாலுகா ஆபீஸ் வழியாக வரும் மாதாந்திர உதவித்தொகை. இது பெரியவர்களுக்கு. 1,000 ரூபாயாக இருந்த இது, 2023 ஜனவரி முதல் 1,500 ஆனது. ஒரே ஆளுக்கு இரண்டும் கிடைக்காது. எது பொருந்துமோ அதைக் கேளுங்கள். தொகை அவ்வப்போது மாறும் என்பதால், மனு போடும்போது அன்றைய தொகையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. பிறர் துணையின்றி ஒரு காரியமும் செய்ய முடியாதவர்களை "உயர் ஆதரவு தேவைப்படுவோர்" என்கிறது 2016 சட்டம். அவர்களைப் பராமரிக்கும் உதவியாளருக்கும் படி தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்காக மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஒரு திட்டம் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் பெற்றவள் பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டிருக்கிறதே, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். பணம் வரச் சில மாதம் காத்திருக்க நேரலாம். நடுவில் யாராவது "நான் முடிச்சுத் தாரேன், இத்தனை தா" என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தாமதமானால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ரசீதைக் காட்டி மனு கொடுக்கலாம். உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகும், ஆண்டுக்கொருமுறை கேட்கும் உயிருடன் இருப்பதற்கான சான்றை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

வீட்டைத் தேடி வருகிறவர்கள்

பணம் ஒரு பாதி என்றால் ஆள் துணை மறு பாதி. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தர ஏற்பாடு செய்யப்பட்டது. நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், அல்லது வீடு வீடாக வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்தால் போதும். இப்படி வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வழக்கத்துக்கு முன்னோடி நம் அண்டை மாநிலம்தான்; கோழிக்கோட்டில் 1993-லேயே வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஊர்க்காரர்களையே தொண்டர்களாகப் பழக்கினார்கள்.

பள்ளிக்குப் போகமுடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் கேளுங்கள். சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஏற்பாடு உண்டு. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்றே கழுத்தும் முதுகும் தாங்கும் விசேஷ சக்கர நாற்காலியும் அரசு தருகிறது. அதுவந்தால் பாதி நேரம் உங்கள் இடுப்புக்கு விடுமுறை!

உங்கள் முதுகைக் காப்பாற்றுங்கள்

பிசியோதெரபிஸ்ட் எங்கள் தெருப் பெண்ணிடம் சொன்ன முதல் பாடம் பிள்ளையைப் பற்றியதல்ல, அவளைப் பற்றியது. தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பிள்ளையை உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்குங்கள். "இப்ப தூக்கப் போறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுத் தூக்கினால், அதிர்ச்சியில் அவன் உடம்பு விறைக்காது. கனம் கூடிவிட்டால் ஒரு கெட்டியான படுக்கை விரிப்பில் கிடத்தி இரண்டு பேராகத் தூக்குங்கள். தரையில் போட்டுப் பார்ப்பதைவிட, உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கட்டில் இருந்தால் துணி மாற்றுவதும் உடம்பு துடைப்பதும் சுலபம்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அதன்மேல் எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்த இடம் அழுந்தாமல் படுக்க வைத்து, செவிலியரிடம் காட்டுங்கள். காற்றுப் படுக்கை வாங்கினாலும் புரட்டுவதை விடக் கூடாது.

படுக்க வைத்துச் சோறு ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் லேசாகத் தாழ்ந்திருக்க, சின்னக் கரண்டியால் மெல்ல ஊட்டுங்கள். தண்ணீராக இருப்பது சிலருக்குப் புரையேறும். கெட்டியான பயற்றங்கஞ்சி, வேகவைத்து மசித்த ஏத்தன்பழம் சுலபமாக இறங்கும். ஊட்டிய பின் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். அடிக்கடி இருமல், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஒரு பொழுது வேறு யாராவது பிள்ளையோடு இருக்கட்டும். கணவரோ நாத்தனாரோ நானோ நீங்களோ! அந்த ஒரு பொழுதில் அவள் தூங்கட்டும், அல்லது சும்மா திண்ணையில் இருக்கட்டும்.

பதினெட்டு வயசில் ஒரு கதவு

பிள்ளைக்கு 18 முடிந்ததும் சட்டப்படி அவன் தனி ஆள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைச் செய்கிறது. பெற்றோர் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பின்னால் சொத்துக்கும் பாங்குக் கணக்குக்கும் சிக்கல் இல்லை. வீட்டில் சர்க்கார் வேலையோ பென்ஷனோ இருந்தால், தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழியுண்டு. பெயரை இப்போதே பதிந்து வையுங்கள்.

எங்கள் தெருப் பிள்ளைக்கு அட்டை வந்தது. சில மாதம் கழித்து முதல் பணமும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவன் தெருவைப் பார்க்கிறான்; பால்காரரைப் பார்த்தால் சத்தம் போட்டுச் சிரிக்கிறான். இளையவளுக்கு வரன் வராமல் போய்விடுமென்று பயந்த பாட்டி போன வாரம் என்னைக் கூப்பிட்டார். நாலு வருஷமாக நடுங்குகிற தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

"ஏ பிள்ளே, இந்த நடுக்கத்துக்கும் அந்த அட்டை உண்டாமே? அந்த ஆசுபத்திரிக்கு என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போறியா?"