ஓடைக்கரையில் ஒரு புது அத்தி

கலிஃபோர்னியாவின் ஓடைக்கரைகளில் யாரும் நடாத சீமை அத்திமரங்கள் ஏராளம். பெரும்பாலும் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்தவை. பழைய தோட்டத்துக் கிளை எதுவும் ஒடிந்து வேர்விட்டதாக இல்லாமல், மெய்யாகவே விதையில் பிறந்திருந்தால் அந்த மரம் உலகில் வேறெங்கும் இல்லாத தனி ரகம். ஐரா காண்டிட் 1955இல் வெளியிட்ட அத்தி ரகங்களின் பெருந்தொகுப்பில் தேடினாலும் கிடைக்காது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பொடிக் குளவி. துருக்கியிலிருந்து வந்த ஸ்மிர்னா அத்தி கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் பிஞ்சுகளை உதிர்த்துக்கொண்டே இருந்தது. பூக்கள் காய்க்குள்ளே ஒளிந்திருக்க, ஆண் அத்தியில் வளரும் அந்தக் குளவிதான் காயின் நுனியிலுள்ள கண் வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். 1899இல் ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங்கின் தோட்டத்தில் குளவி நிலைகொண்டது. பழம் தங்கியது; முளைக்கும் விதையும் உண்டானது.

ஆனால் விதைக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்கள். அவற்றின் காய் பெரும்பாலும் தின்ன உதவாத சக்கை. பெண் மரங்களிலும் பெரும்பான்மை, குளவி வராவிட்டால் பிஞ்சைக் கொட்டிவிடும். குளவியின்றியே பழுக்கும் குணம் தாய்மரம் வழியாக வருவதில்லை, மகரந்தம் வழியாக மட்டுமே வரும். அக்குணமுள்ள கன்று அரிதாக இருப்பது இதனால்தான்.

இலையை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஒரே கிளையில் பிளவுபட்ட இலையும் பிளவுபடாத இலையும் இருக்கும். சோதனை பழத்தில்தான். பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே சிலவற்றை நெருக்கமான மெல்லிய துணிப்பையால் கட்டிவிட வேண்டும். மூடிய பிஞ்சு உதிராமல் பருத்துப் பழுத்தால், அந்த மரத்தைக் குளவியில்லாத ஊரிலும் வளர்க்கலாம். அதைச் சுவைத்தும் பார்க்க வேண்டும்: மகரந்தம் சேர்ந்த பழத்தின் சதை நிறம் கூடி, விதை மொறுமொறுப்பாக இருக்கும், சேராத பழம் அதே மரத்திலேயே வேறு மாதிரி இருக்கும்.

தேறிய மரத்தை அதன் விதையால் பெருக்க முடியாது, குணம் மாறிவிடும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளக் குச்சிகளை வெட்டி, நீர் தேங்காத கலவையில் ஊன்ற வேண்டும். வேர்விடுமுன் தண்ணீரை அதிகம் ஊற்றினால் குச்சி அழுகிவிடும். பழைய அத்திகளைப் பரவலாகப் பீடிக்கும் மொசைக் வைரஸ் பொதுவாக விதையில் வருவதில்லை. சிலந்திப்பேனாலும் ஒட்டுக்கட்டுவதாலும் தொற்றும். அதனால் புதுக் கன்றை நோயுள்ள மரத்தில் ஒட்டாமல், சொந்த வேரில் தள்ளி வைத்து வளர்ப்பதே நல்லது.