கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணக்குக்கு?

கடலூர் முதுநகர் மொத்தக் கடையானாலும், சிதம்பரம் மேலவீதி மளிகைக் கடையானாலும், இன்று பெரும்பாலும் பில் போடுவது கம்ப்யூட்டர்தான். தராசுக்கு ஆண்டு தவறாமல் முத்திரை வைக்க நினைவு வைத்திருக்கும் நாம், கம்ப்யூட்டரை மட்டும் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

அதில் சீக்கிரம் மூப்படையும் பாகங்களில் ஒன்று எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி. 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது அதுவே. அதிலுள்ள கப்பாசிட்டர்களுக்குள் ஒருவகைத் திரவம் உண்டு. சூட்டில் அது மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மிளகாய்த் தூளும் மாவும் விசிறியை அடைத்தால் சூடு ஏறும். கடலோர உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும்.

பெட்டி பழுதாகும்போது சில சமயம் மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே கெடுத்துவிடும். மின்பெட்டியை மாற்றிவிடலாம், வாடிக்கையாளர் பாக்கியும் சரக்கு இருப்பும் திரும்பி வருமா? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று கைவிரிக்க முடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின், நம் மாவட்டத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். அறுந்த மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால், பழைய பெட்டி தாங்குவது கடினம்.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்பே கவனிப்போம். கம்ப்யூட்டர் தானாக நின்று மீண்டும் கிளம்புகிறதா? விசிறி இரைகிறதா? தீய்ந்த வாடை வருகிறதா? உடனே மெக்கானிக்கை அழையுங்கள். பெட்டியை நாமே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். மாற்றும்போது மலிவு பார்க்காமல் தரமானதை வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கட்டும், யு.பி.எஸ். பேட்டரியையும் சோதியுங்கள். 2015 வெள்ளத்தை நினைத்து, கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கடை அடைக்கும் முன் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். கல்லாப் பணத்தை இரவில் கடையில் விட்டுச் செல்லாத நாம், கணக்கை மட்டும் விட்டுச் செல்லலாமா?